றெக்கை வைத்த ராணிக் காசு

எங்கள் ஹெட்மாஸ்டரை நான் பழிவாங்கிய கதையைப் பாளையங்கோட்டையில் ஆளுக்கொரு மாதிரி சொல்லுகிறார்கள். பாதி தப்பு. மீதிப் பாதியில் என் பங்கே இல்லை. அதனால் நானே எழுதிவிடுகிறேன். கடைசியில் இவன் மனம் வருந்துவான் என்று நினைத்து யாராவது வாசித்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அப்போது எனக்கு இருபது வயது. காலேஜில் எஃப்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். அப்பா தாலுகா கச்சேரியில் குமாஸ்தா, சபையில் மூப்பர். வீட்டில் ஜெபம், கச்சேரியில் பேனா, இரண்டுக்கும் நடுவில் அவருக்கு வேறு உலகம் கிடையாது. எனக்கு இருந்தது. அது ஒரு பிஸ்கட் தகரப்பெட்டிக்குள் இருந்தது.

ஆற்றில் வெள்ளம் வடிந்ததும் அரிப்புக்காரர்கள் வருவார்கள். மணலை மரத்தட்டில் அள்ளி, தண்ணீரில் ஆட்டி ஆட்டி அலசி, கடைசியில் தங்குகிற கறுப்பு வண்டலில் தங்கத்தூளோ, யாரோ குளிக்கையில் தொலைத்த மூக்குத்தியோ, தோட்டுத் திருகோ எது அகப்பட்டாலும் எடுப்பார்கள். அவர்களில் ஒரு அக்கா உண்டு. ஆற்றோடு ஆறாக ஸ்ரீவைகுண்டம் தாண்டிக் கடல் பக்கம்வரை அரித்துக்கொண்டே போய்த் திரும்புகிறவள். பதினாறு வயதில் ஒருநாள் பாலத்துக்குக் கீழே குளிக்கப் போனவன், அவள் தட்டின் ஓரத்தில் ஒரு செப்புக்காசைப் பார்த்தேன். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும்.

“என்னக்கா இது?”

“ராணி காசுல்லா தம்பி. செத்துப்போன வெள்ளக்கார ராணி. கண்ணு தெரியலையோ?”

“ராணிக்கு றெக்கை இருக்கே.”

“செத்துட்டால்லா. மொளைக்காதா? ஒங்க கோயில்ல அப்படித்தான சொல்லுதாவ?”

மகாராணி செத்து அப்போது நாலைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. ஆனாலும் காசை உள்ளங்கையில் வைத்துக் கழுவிப் பார்த்தபோது, இது எந்த ராணியும் இல்லை என்று எனக்குத் தோன்றிவிட்டது. அப்போது கையில் புத்தகம் கிடையாது. காலேஜில் சேர்ந்த பிறகுதான் லைப்ரரியில் ஒரு தடிப் புத்தகம் அகப்பட்டது. முதல் வாரமே கண்டுபிடித்தேன். மிளகுக்கும் முத்துக்கும் கப்பலேறி இந்தப் பக்கம் வந்த ரோமாபுரிக் காசு. அதில் இருப்பவள் அவர்களுடைய வெற்றித் தெய்வம். படை ஜெயித்தால் பறந்து வந்து ராஜா தலையில் மாலை வைக்கிறவள். அவர்கள் பாஷையில் வெற்றிக்கு ‘விக்டோரியா’ என்று பெயர். அவளுக்கும் அதே பெயர். நம் மகாராணிக்கு அவளைப் பெற்றவர்கள் அந்தப் பெயரை வைத்தார்கள், அவ்வளவுதான் சம்பந்தம்.

அந்தப் புத்தகம் கிடைப்பதற்கு முன்பே எனக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. அக்காவும் நானும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். அவளுக்கு இந்தக் காசு வெறும் பழைய செம்பு. எடைக்கு எடை செம்பு கொடுத்தால் எனக்குத் தந்துவிடுவாள். எங்கள் அடுக்களையில் ஒரு கரண்டிக்குக் காம்பு போயிற்று. அண்டாவுக்கு ஒரு காது போயிற்று. பாளையங்கோட்டை எலிக்கு இத்தனை பலமான பல் எப்படி வந்தது என்று அம்மா பக்கத்து வீட்டில் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

நாலு வருஷத்தில் ஒன்பது காசு. ஒன்பதிலும் அவள்தான். மாலையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள், றெக்கையை விரித்துக்கொண்டு ஓடுகிறாள். ஒன்று மட்டும் வெள்ளி. அதில் உருண்டை ஒன்றின் மேல் நுனிக்காலில் நிற்கிறாள். என்னுடைய குழந்தைப் பருவத்து வெள்ளி அரைஞாணைக் கொடுத்து வாங்கினேன். நிஜ வெள்ளிதானா என்று பார்க்க அப்பா அரத்தால் ஓரத்தில் ஒரு கீறல் போட்டுவிட்டார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

கடைசியாக வந்ததுதான் என் உயிர். அதில் மாலையெல்லாம் இல்லை. போரில் பிடித்த பொருளைத் தோளில் சாத்திக்கொண்டு, இன்னொரு கையால் ஒரு கைதியின் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறாள். அவன் முழங்காலில் இழுபடுகிறான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் அதை எத்தனை மணிநேரம் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

இந்த நேரத்தில்தான் ஹெட்மாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் என்னை ஆறு வருஷம் அடித்தவர். ஊருக்கே அவர் ‘சார்வாள்’. வெள்ளைக்காரர் யார் வந்தாலும் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்கிற உரிமை அவருடையது. அப்பாவைப் பார்க்க வந்தவர், கருப்பட்டிக் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே என் மேஜைக்கு வந்தார்.

“என்னலே இது, அரைகுறைத் துணியோட ஒரு பொம்பள?”

“ரோமாபுரித் தெய்வம், சார்வாள்.”

என் வாயைத் தைத்திருக்க வேண்டும். அவர் அப்பா பக்கம் திரும்பினார்.

“மூப்பரே, கேட்டீரா? விக்கிரகத்தப் பெட்டியில வச்சுக் கும்பிடுதான் ஒம்ம மவன்.”

“கும்பிடல சார்வாள், சேக்குதேன்.”

“சேத்தா என்ன, கும்பிட்டா என்னலே? மூப்பர் வீட்டுல பொய்த்தேவியா? சபையில தெரிஞ்சா என்ன பேசுவாவ?”

சபை என்ற வார்த்தை போதும் அப்பாவுக்கு. பெட்டியை மூடி அவரே எடுத்து நீட்டினார். “எங்கண்ணுல படாம ஆத்துல போட்டுருங்க சார்வாள்.” நான் கெஞ்சினேன். அழுதேன் என்றும் எழுதிவிடுகிறேன், பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மறுநாள் ஹெட்மாஸ்டரே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

“போட்டாச்சு வே. குறுக்குத்துறை தாண்டி, சுழல் கெடக்க எடமாப் பாத்துப் போட்டேன்.”

மூன்று நாள் அந்தச் சுழலில் முங்கினேன். மூக்கில் ரத்தம் வந்ததுதான் மிச்சம். நாலாம் நாள் அக்கா தன் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, எனக்காக ஒரு பகல் முழுக்க அந்த இடத்தை அரித்துப் பார்த்தாள். சாயந்திரம் இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தாள்.

“தம்பி, ஒனக்கு எவன் சொன்னான் இங்கன போட்டதா?”

“எங்க ஹெட்மாஸ்டர்.”

“பொய் சொல்லுதான். இந்த மணல்ல எனக்கு ஒத்த ஊக்கு வந்துருக்கு, மீன்முள்ளு வந்துருக்கு. ஒம்போது காசு, அதும் பெட்டியோட போட்டா அடியில ஒக்காந்துக்கிடும். ஓடாது. ஒங் காசு ஆத்துக்கு வரவே இல்லய்யா.”

அவள் சொன்னது எவ்வளவு சரி என்று இரண்டு மாதம் கழித்துத் தெரிந்தது. சபை வாலிபர் கூட்டத்தில் ஹெட்மாஸ்டர் ஒரு சொற்பொழிவு வைத்தார். விஷயம், ‘காசில் இறங்கிய தேவதூதன்’. நீல வெல்வெட் துணியில் என் ஒன்பது காசும் இருந்தன. ஆதிகாலத்துக் கிறிஸ்தவ ராஜா ஒருவர் தூதனின் உருவத்தைப் பொறித்து நம் தாமிரபரணிக் கரைக்கு அனுப்பினாராம். தம் சொந்த முயற்சியால் இவற்றைக் கண்டெடுத்தாராம். முடியைப் பிடித்து இழுக்கிற காசை எடுத்துக் காட்டி, “செறையில கெடந்த சீஷனத் தூதன் கையப் புடிச்சு வெளிய கூட்டிட்டு வாரதப் பாருங்க” என்றார்.

என் பெட்டியில் இருந்தால் பொய்த்தேவி. அவர் துணியில் இருந்தால் தேவதூதன்.

நான் கடைசி வரிசையில் இருந்தேன். அங்கேயே எழுந்து கத்தியிருக்கலாம். அப்பா அன்றைக்கு வரவில்லை. தனியாகக் கத்தினால், ‘தப்பா நெனச்சுட்டம்லே, இந்தா வச்சுக்க’ என்று தோளைத் தட்டிக் காசைத் திருப்பிக் கொடுத்து, இன்னும் பெரிய மனுஷராகியிருப்பார். எனக்குக் காசு மட்டும் போதாது. அவருடைய குடுமியும் வேண்டும். ஊர் பார்க்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த வெள்ளம் வடிந்தபோது அக்காவுக்கு இன்னொரு காசு அகப்பட்டது. அதே றெக்கைக்காரி. ஆனால் இதில் தேய்மானமே இல்லை. சுற்றிவர எழுத்து தெளிவாக நின்றது: விக்டோரியா. அதைப் பார்த்ததும் எனக்குள் வழி திறந்துகொண்டது.

“அக்கா, இத எனக்கு வேண்டாம். எங்க ஹெட்மாஸ்டர்ட்டக் கொண்டுபோய்க் குடு. என்ன காசுன்னு கேட்டா, எங்கிட்ட மொதல்ல சொன்னியே, அதச் சொல்லு.”

“ராணி காசுன்னா?”

“அதேதான். வேற ஒண்ணும் சொல்லாத.”

“ஒம் மொகரையப் பாத்தா நல்லதுக்குன்னு தெரியலய்யா” என்று சிரித்துவிட்டுப் போனாள். அவர் ஒரு முழுச் செம்புக் குவளையையே தூக்கிக் கொடுத்தாராம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவர் முகத்தைப் பார்த்தேன். எரிகிற குத்துவிளக்கு மாதிரி இருந்தது. இங்கிலீஷ் எழுத்து தெரிந்தவர், அதனால் வாசித்துவிட்டார். லத்தீன் தெரியாது, அதனால் அர்த்தம் தெரியாது. தனக்குத் தெரியாது என்று யாரிடமும் போய்க் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

கொஞ்ச நாளில் சபையில் அசனப் பண்டிகை வந்தது. ஊரே சேர்ந்து ஆக்கி, பந்தலில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். அந்த வருஷம் ஒரு பெரிய துரை வருவதாகப் பேச்சு. லத்தீனில் ஊறியவர், பழங்காசுப் பிரியர் என்று பாதிரியார் ஐயாவே சொன்னார். துரை முன்னால் ஹெட்மாஸ்டர் பேசப்போகிறார். நான் அந்த வாரம் முழுக்கச் சந்தோஷத்தில் சரியாகத் தூங்கவில்லை.

பண்டிகை அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. ஓலைப்பாயில் ஐந்நூறு பேர். ஒரு பக்கம் ஆட்டுக்கறியும் கத்தரிக்காயும் கொதிக்கிற வாசனை. துரைக்குப் பத்தமடைப் பாய் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் வியர்த்துக்கொண்டிருந்தார். ஹெட்மாஸ்டர் எழுந்தார். வெல்வெட் துணி விரிந்தது. தூதன் கதை முடிந்ததும் புதுக்காசை இரண்டு விரலில் உயர்த்திப் பிடித்தார்.

“சபையாரே! ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முந்திய இந்தக் காசில், தேவதூதனைச் சுற்றி என்ன பெயர் எழுதியிருக்கிறது தெரியுமா? விக்டோரியா! எந்த மகாராணியின் ஆட்சியில் நம் நாட்டில் சபை தழைக்கப்போகிறதோ, அவருடைய பெயரைத் தூதன் அன்றைக்கே கொண்டுவந்து நம் ஆற்றில் போட்டுவிட்டுப் போயிருக்கிறான்!”

பந்தல் அதிர்ந்தது. எங்கள் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு “ஆமென்” என்றார். எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னார்.

துரை காசை வாங்கிப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். தோள் குலுங்கச் சிரித்தார். இங்கிலீஷில், நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: இது தூதனும் இல்லை, உங்கள் மகாராணியும் இல்லை, இந்த வார்த்தைக்கு வெற்றி என்று அர்த்தம், புறஜாதியார் கும்பிட்ட தெய்வம், சுத்தமான விக்கிரகம்.

நான் நுனிக்காலில் உட்கார்ந்திருந்தேன். இதற்காகத்தானே இத்தனையும். ஆனால் ஒன்றை மறந்துபோயிருந்தேன். துரை பேசினால் மொழிபெயர்ப்பது யார்?

ஹெட்மாஸ்டருக்கு ஒரு நிமிஷம் முகம் கறுத்தது. அடுத்த நிமிஷம் கையை உயர்த்திவிட்டார்.

“துரையவர்கள் என்ன சொல்லுகிறார்கள் என்றால், விக்டோரியா என்பதற்கு வெற்றி என்று அர்த்தமாம்! நம் மகாராணியின் பெயரே வெற்றி! ஆகவே இவன் சாதாரணத் தூதன் அல்ல, வெற்றியின் தூதன்!”

கைதட்டல் ஓயவே இல்லை. தன் லத்தீனுக்குத்தான் இத்தனை மரியாதை என்று நினைத்துத் துரை எழுந்து தலைகுனிந்து வணங்கினார். நான் துள்ளி எழுந்தேன்.

“பொய்! துரை அப்படிச் சொல்லல! விக்கிரகம்னு சொன்னாரு!”

“ஏ, உக்காருலே!” என்று முன்னால் இருந்த ஒரு பெரியவர் திரும்பினார். “நாலெழுத்து இங்கிலீசு படிச்சுட்டு சார்வாளுக்கே சொல்லிக்குடுக்கான்.”

“யாரு, மூப்பர் மவனா? சவத்துமூதி, சோறு போடுத நேரத்துல சண்டைக்கி வாரான் பாரு.”

பசித்த ஐந்நூறு பேருக்கு முன்னால் நான் ஓர் அதிகப்பிரசங்கி. அவ்வளவுதான். என் திட்டம் அங்கேயே செத்துவிட்டது. ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

காசுகளை ஒரு தட்டில் வைத்து மூப்பர்கள் பார்வைக்கு அனுப்பினார்கள். அப்பாவிடம் வந்தது. வெள்ளிக்காசை எடுத்தார். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கட்டைவிரலால் ஓரத்தைத் தடவினார். தடவிய விரல் ஓர் இடத்தில் நின்றது. அவர் பைய எழுந்தார்.

“சார்வாள். இதுல நான் அரம் போட்ட கீறல்லா கெடக்கு?”

“அது... பழைய காசுன்னா கீறல் இருக்கும் வே.”

“இல்ல. இது எங் கீறலு. இது எம் மவன் காசு. நீரு ஆத்துல போட்ட காசுல்லா?”

“மூப்பரே, பெறவு பேசுவோம். துரை இருக்காரு.”

“சுழல் பாத்துப் போட்டேன்னு எங்கிட்டச் சொன்னீரே. பய மூணு நாளு முங்கி மூக்குல ரத்தத்தோட வந்தானே. சுழல்ல போட்டது எப்படி வே மேல வந்துச்சு?”

அப்பா யாரையும் குரல் உயர்த்திக் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்றும் உயர்த்தவில்லை. நிஜமாகவே விளங்காமல் கேட்டார். அதனால்தான் பந்தல் அப்படி அடங்கிப்போயிற்று. அந்த அமைதியில், அடுப்புப் பக்கத்திலிருந்து கரண்டி பிடித்த யாரோ ஒருவர் பதில் சொன்னார்.

“பறந்து வந்துருக்கும் வே! றெக்கதான் இருக்குல்லா!”

முதலில் பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. பிறகு எல்லாப் பக்கமும். பாதிரியார் ஐயா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். என்ன, என்ன என்று துரை ஹெட்மாஸ்டரைப் பார்த்துக் கேட்டார். வாழ்நாளில் முதல் தடவையாக அவர் மொழிபெயர்க்கவில்லை. நான் மொழிபெயர்த்தேன். எழுந்து நின்று, அப்பா கேட்ட கேள்வியையும் அடுப்படியிலிருந்து வந்த பதிலையும் ஒரு வார்த்தை விடாமல், நல்ல இங்கிலீஷில், துரைக்குச் சொன்னேன். எஃப்.ஏ. படிப்பு எனக்கு உருப்படியாகப் பயன்பட்ட ஒரே நாள் அது.

துரையின் முகம் மாறியது. உடனே ஹெட்மாஸ்டர் அப்பா கையிலிருந்த காசையும் தட்டையும் பிடுங்கித் துரை மடியில் பாய்க்கு மேலேயே வைத்துவிட்டார். எல்லாம் துரையவர்களுக்காகத்தான் சேர்த்தேன், மியூசியத்துக்குக் காணிக்கை என்று இங்கிலீஷில் குளறினார். துரை யார் காசு என்று கேட்கவில்லை. கோட்டுப் பையில் கொட்டிக்கொண்டார். இதை நான் எதிர்பார்க்கவில்லை. என் நாலு வருஷம் அந்தப் பைக்குள் கலகலவென்று விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு அவர் ஊருக்குச் சார்வாள் இல்லை, ‘றெக்க சார்’. அவர் தெருவில் போனால் பிள்ளைகள் முழங்கையை மடக்கி றெக்கை மாதிரி அடித்துக்காட்டுவார்கள். சந்தையில் ஒரு காய்காரி இன்னொருத்தியிடம், “றெக்க சாருக்குக் கனமா நிறுத்துப் போடுளா, பறந்துறப் போறாரு” என்று சொன்னதை நானே கேட்டேன். கேட்டதற்காகவே தேவையில்லாமல் ஒரு பூசணிக்காய் வாங்கிக்கொண்டு வந்தேன். பாதிரியார் ஐயா, விஷயத்தை விசாரிக்க அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபைக் கமிட்டி கூடும் என்று அறிவித்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், அப்பா கச்சேரியில் இருக்கிற நேரம் பார்த்து ஹெட்மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். ஒரு வாரத்தில் கழுத்துப்பட்டை தொளதொளத்துப்போயிருந்தது. குடையை மடக்கிச் சுவரில் சாத்தினார். உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை.

“கமிட்டியில ஒன்னத்தான் கேப்பாவ” என்றார்.

“தெரியும்.”

“ஆத்துல போடாமப் பத்திரமா வச்சுக்கச் சொல்லி நீயா எங்கிட்டக் கெஞ்சுனதா ஒரு வார்த்த சொல்லிரு. ஒங்கப்பா கோவப்படுவாருன்னு மறைச்சதாச் சொல்லு. முடிஞ்சிரும்.”

“நான் ஏன் சொல்லணும்?”

மடியை அவிழ்த்தார். உள்ளங்கையை நீட்டினார். முடியைப் பிடித்து இழுக்கிறவள் அங்கே இருந்தாள். அதுவும் துரையோடு கப்பலேறிவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். தட்டை நீட்டுகிற அந்தக் குழப்பத்திலும் இந்த ஒன்றை மட்டும் விரலிடுக்கில் ஒதுக்கிக்கொண்டிருக்கிறார். ஒன்பதில் எது உசத்தி என்று அவருக்கும் தெரிந்திருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

“எடுத்துக்க. ஒன்னோடதுதான.”

கை நீண்டுவிட்டது, பொய் சொல்லமாட்டேன். விரல் நுனி அவர் உள்ளங்கையிலிருந்து ஓர் அங்குலத்தில் இருந்தது. காசை யாரோ புளி போட்டுத் தேய்த்திருந்தார்கள். பச்சை போய்ச் செம்பு பளிச்சென்று தெரிந்தது. கைதியின் முழங்கால்கூட இப்போது துலங்கியது.

“முப்பது வருஷம்லே” என்றார், என் கையைப் பார்த்துக்கொண்டே. “முப்பது வருஷம் இந்தப் பள்ளிக்கூடத்துல நின்னுருக்கேன். பிள்ளைய கையக் கைய அடிக்குதுவ. கிளாசுக்குள்ள போவ முடியல.”

கையை இழுத்துக்கொண்டேன்.

“பொய் சொன்னா பாவம் சார்வாள். நீங்கதான முட்டியில அடிச்சுச் சொல்லிக்குடுத்தீய.”

கொஞ்ச நேரம் உள்ளங்கையை மூடாமலே நின்றார். நான் மனம் மாறுவேன் என்று நினைத்திருக்கலாம். பிறகு காசை மடியில் முடிந்துகொண்டு குடையை எடுத்தார். வெயிலில் இறங்கினார். வாசல்வரை பின்னாலேயே போனேன். ஓடிப்போய்ப் பறித்துக்கொண்டாலும் அவரால் தடுக்க முடியாது. அவருக்கு ஐம்பத்தைந்து, எனக்கு இருபது. தெருமுனை திரும்பும்வரை அவருடைய மடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிடவில்லை.

அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அந்தக் காசை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை துவைத்து வைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு எல்லாருக்கும் முந்திக் கமிட்டி அறைக்குப் போனேன். அவர் வந்து உட்காரப்போகிற நாற்காலிக்கு நேர் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.